கணிப்பொறியில் ஓடும் நீராவிப் பொறி

தஞ்சைக்கு மேற்கே, திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்துள்ள ஊர் பூதலூர். கல்லணைக்குக் கிழக்கே, காவிரிச் சமவெளியின் தலைப்பகுதியில், நெல்வயல்களும் வாய்க்கால்களும் சூழ அது விளங்குகின்றது. இவ்வூர் வழியே செல்லும் இருப்புப்பாதை மிகவும் பழமை வாய்ந்தது. நாகப்பட்டினத்தையும் திருச்சிராப்பள்ளியையும் இணைக்கும் பொருட்டு, ‘கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா இரயில்வே’ என்னும் ஆங்கிலக் குழுமம் 1861, 1862-ஆம் ஆண்டுகளில் இப்பாதையைத் திறந்தது. முதலில் அகலப்பாதையாக இருந்த இது, 1875-ஆம் ஆண்டில் மீட்டர் பாதையாக மாற்றப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் அவ்வாறே இருந்து, இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் மீண்டும் அகலப்பாதை ஆயிற்று. இன்று மின்சார எஞ்சின்கள் அதன்மேல் விரைகின்றன.

மீட்டர் பாதைக் காலத்தில் இவ்வழியே வண்டிகளை இழுத்துச் சென்றவை பெரும்பாலும் நீராவி எஞ்சின்களே. கரும்புகை கக்கி, வெண்ணிற ஆவியைச் சீறி, வயல்வெளி அதிர வந்த அவ்வெஞ்சின்கள் இன்று அப்பாதையில் இல்லை. ஆயினும், அவற்றை மீண்டும் ஓட்டிப் பார்க்கும் ஒரு புதிய வழி தோன்றியுள்ளது. கணிப்பொறியின் திரையில் இருப்புப்பாதையையும், நிலையங்களையும், வண்டியையும் அமைத்து, ஓட்டுநரின் இருக்கையில் அமர்ந்ததுபோல் வண்டியை ஓட்டும் விளையாட்டே அவ்வழியாகும்.

2001-ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இத்தகைய விளையாட்டு ஒன்றை வெளியிட்டது. அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து ‘டிரெயின்ஸ்’ என்னும் மற்றொன்று வெளிவந்தது. பின்னர், உலகின் பல பகுதிகளிலுள்ள ஆர்வலர்கள் ஊதியம் கருதாது கூடி உழைத்து, ‘ஓபன் ரெயில்ஸ்’ என்பதனை உருவாக்கினர். இதனை எவரும் விலையின்றிப் பெறலாம். இவ்விளையாட்டுகளோடு வரும் எஞ்சின்கள் சிலவே. அவையும் பெரும்பாலும் அயல்நாட்டவை. தமக்கு வேண்டிய எஞ்சினைத் தாமே உருவாக்கி விளையாட்டுடன் சேர்க்கும் வசதி இவற்றில் உண்டு. அவ்வாறு சேர்க்கப்படுவதற்கு ‘இணைப்புத் தொகுதி’ என்று பெயர். நம் நாட்டு நீராவி எஞ்சின்களையும் ஆர்வலர்கள் இம்முறையில் உருவாக்கி வருகின்றனர்.

விளையாட்டு என்னும் சொல்லைக் கேட்டு, இவ்வேலையை எளிதென எண்ணிவிடலாகாது. எஞ்சினின் படத்தை வரைந்துவிட்டால் அது எஞ்சின் ஆகிவிடாது. உண்மையான எஞ்சின் எவ்வாறு பிறந்தது, எவ்வாறு இயங்கியது, எதற்கு அடங்கியது, எப்பொழுது அடம் பிடித்தது என்பன அனைத்தையும் அறிந்தாலன்றி, அதன் நிழலைக்கூடச் சரியாகப் படைத்தல் இயலாது. இவ்வுண்மையை ஓர் எஞ்சினைக்கொண்டு காணலாம்.

தென்னக இரயில்வேயின் மீட்டர் பாதைகளில் பயணிகள் வண்டிகளை இழுத்துப் புகழ்பெற்றது ‘ஒய்.பி.’ என்னும் வகை எஞ்சின். இவ்வகையின் முதல் எஞ்சின்கள் 1949-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டுவின் தொழிற்சாலையிலிருந்து வந்தன. பிறகு ஸ்காத்லாந்து நாட்டிலும் செருமனியிலும் பல செய்யப்பட்டன. அதன்பின் ஜாம்ஷெட்பூரில் உள்ள டெல்கோ தொழிற்சாலை நம் நாட்டிலேயே அவற்றைச் செய்யத் தொடங்கி, 1970-ஆம் ஆண்டுவரை செய்து வந்தது. முன்னே நான்கு சிறு சக்கரங்களும், நடுவே ஆறு பெரிய இயக்கு சக்கரங்களும், பின்னே இரண்டு சிறு சக்கரங்களும் உடையது இவ்வெஞ்சின். பூதலூர் வழியாக ஓர் ஒய்.பி. எஞ்சினைக் கணிப்பொறியில் ஓட்ட விரும்பும் ஒருவர் என்னென்ன செய்தல் வேண்டும்?

முதற்கண் உருவம் அமைத்தல் வேண்டும். கணிப்பொறியில் எந்த உருவமும் சிறுசிறு முக்கோணங்களை ஒட்டவைத்தே ஆக்கப்படுகின்றது. உருண்டையான கொதிகலனும், வட்டமான சக்கரமும் உற்று நோக்கின் முக்கோணங்களின் தொகுதியே. முக்கோணங்கள் மிகுந்தால் உருவம் அழகுபெறும். ஆனால் கணிப்பொறி திணறும். ஆதலின் அருகில் நிற்கும்பொழுது காட்டுவதற்கு ஓர் உருவமும், தொலைவில் வரும்பொழுது காட்டுவதற்கு எளிய வேறோர் உருவமும் அமைப்பர். அளவுகளை ஊகத்தால் கொள்ளலாகாது. தொழிற்சாலை வரைபடங்களைத் தேடிப் பெறுதல் வேண்டும். புதுதில்லி, சென்னை முதலிய இடங்களில் உள்ள இரயில் அருங்காட்சியகங்களுக்குச் சென்று, அங்கே நிறுத்தப்பட்டுள்ள பழைய எஞ்சின்களை நேரிற் கண்டு, பகுதி பகுதியாக ஒப்புநோக்குதலும் வேண்டும். இயக்கு சக்கரத்தின் விட்டம் 54 அங்குலம் எனின், 54 அங்குலமாகவே இருத்தல் வேண்டும். ஓர் அங்குலம் தவறினும் பின்வரும் கணக்குகள் யாவும் தவறிப்போகும்.

அடுத்தது அசைவு. எஞ்சினின் இரு பக்கங்களிலும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு உருளைகள் உள்ளன. உருளைக்குள் நீராவி புகுந்து பிஸ்டனை முன்னும் பின்னும் தள்ளுகின்றது. அத்தள்ளலை நீண்ட தண்டுகள் ஏற்றுச் சக்கரத்தைச் சுழற்றுகின்றன. இங்கே ஒரு நுட்பம் உண்டு. பிஸ்டன் தன் வழியின் ஒரு முனையை எட்டி நிற்கும் நொடியில், அதனால் சக்கரத்தைச் சுழற்ற இயலாது. இரு பக்கத்துப் பிஸ்டன்களும் ஒரே நேரத்தில் முனையில் நிற்குமாயின், வண்டி புறப்படவே முடியாது. அதனால், ஒரு பக்கத்துத் தண்டு மற்றொரு பக்கத்துத் தண்டைவிடக் கால் சுற்று முந்தியிருக்குமாறு பொறியாளர்கள் அமைத்தனர். ஒன்று ஓய்ந்து நிற்கும்பொழுது மற்றொன்று முழு வலிமையுடன் தள்ளும். இதனை அறியாத ஒருவர், இடப்பக்கத்து அசைவை அப்படியே வலப்பக்கத்திற்கும் எடுத்து அமைத்துவிடுவர். திரையில் அந்த எஞ்சின் ஓடும். உண்மை உலகிலோ அத்தகைய எஞ்சின் நிலையத்தை விட்டு நகராமல் நின்றுவிடவும் கூடும்.

மூன்றாவது ஒலி. நீராவி எஞ்சினை நினைந்தவுடன் அதன் ‘குப் குப்’ என்னும் ஒலியே நெஞ்சில் எழும். தன் வேலையை முடித்த நீராவி புகைபோக்கி வழியே வெளியேறும் ஒலியே அது. ஒவ்வோர் உருளையிலும் பிஸ்டனின் இரு புறங்களிலும் நீராவி மாறி மாறிப் புகுவதால், சக்கரம் ஒருமுறை சுற்றும்பொழுது ஓர் உருளைக்கு இரண்டாக நான்கு ஒலிகள் எழும். ஒய்.பி. எஞ்சினின் சக்கரம் ஒருமுறை சுற்றினால் வண்டி ஏறத்தாழ 4.3 மீட்டர் செல்லும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்பொழுது நொடிக்கு ஏறக்குறைய நான்கு ஒலிகளைக் கேட்கலாம், எண்ணவும் எண்ணலாம். 60 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குப் பதினைந்துக்கு மேற்பட்ட ஒலிகள் எழும். அவை ஒன்றோடொன்று கலந்து ஓர் இரைச்சலாகவே செவியில் விழும். ஒலி சக்கரத்தோடு இயையாவிடின், பழகிய செவி உடனே அதன் பொய்மையைக் கண்டுகொள்ளும்.

வேறோர் எஞ்சினின் ஒலியைக் கடனாகப் பெறுதலும் பொருந்தாது. நீலகிரி மலைப்பாதையில் ஓடும் ‘எக்ஸ்’ வகை எஞ்சினுக்கு உருளைகள் நான்கு. மலையேறும்பொழுது, முதல் இரண்டு உருளைகளில் வேலை செய்த நீராவியே அடுத்த இரண்டு உருளைகளுக்குள்ளும் சென்று, பற்சக்கரங்களைச் சுழற்றிய பின்னர் வெளியேறும். ஆகவே அதன் மூச்சு வேறு. சமவெளியில் ஓடிய ஒய்.பி. எஞ்சினின் மூச்சு வேறு.

நான்காவது வலிமை. ஓர் எஞ்சின் எவ்வளவு இழுக்கும் என்பதைக் காணப் பழைய கணக்கு ஒன்று உண்டு. இரண்டு உருளைகளையுடைய எஞ்சினாயின், உருளையின் விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி, அதனைப் பிஸ்டன் செல்லும் நீளத்தால் பெருக்கி, பின் கொதிகலன் அழுத்தத்தில் 100-க்கு 85 பங்கால் பெருக்கி, இறுதியில் இயக்கு சக்கரத்தின் விட்டத்தால் வகுக்க வேண்டும். ஒய்.பி. எஞ்சினில் உருளையின் விட்டம் 15¼ அங்குலம்; பிஸ்டன் செல்லும் நீளம் 24 அங்குலம்; அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு; சக்கர விட்டம் 54 அங்குலம். இவ்வெண்களைக்கொண்டு கணக்கிட்டால் ஏறக்குறைய 18,450 பவுண்டு, அஃதாவது எட்டு டன்னுக்குச் சற்று மேற்பட்ட இழுவிசை கிடைக்கும். மாணவர்கள் தாமே இக்கணக்கைச் செய்து பார்க்கலாம்.

இவ்விசை முழுவதும் எப்பொழுதும் பயன்படும் என்று கொள்ளலாகாது. இயக்கு சக்கரங்கள் ஆறும் தண்டவாளத்தின்மேல் சுமத்தும் பாரம் ஏறத்தாழ 31 டன். காய்ந்த தண்டவாளம் அப்பாரத்தில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகவும் பற்றிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அடைமழை பெய்து தண்டவாளம் நனைந்திருக்கும்பொழுது, ஐந்தில் ஒரு பங்குகூடப் பற்றுதல் அரிது. அஃதாவது, ஆறு டன்னுக்கு மேல் இழுத்தால் சக்கரம் வழுக்கி, நின்ற இடத்திலேயே சுழலும். எனவே மழைநாளில் நிலையத்தை விட்டுப் புறப்படும் ஓட்டுநர், நீராவியைச் சிறிது சிறிதாகவே திறந்துவிடுவார். பாதையில் மணலைத் தூவுவார். இணைப்புத் தொகுதி செய்பவர் இப்பற்றைக் கணக்கில் சேர்க்காவிட்டால், நீராவி எஞ்சின் மழையிலும் மின்சார வண்டிபோல் பாய்ந்து செல்லும். ஓட்டுநரின் திறமைக்கு அங்கே இடமே இராது.

ஐந்தாவதாக அமைவது தீயும் நீரும். இதுவே எல்லாவற்றினும் அரியது. நீராவி எஞ்சின், விசையைத் திருகியவுடன் வலிமை தரும் பொறியன்று. அதன் வலிமை, சிறிது நேரத்துக்கு முன்னர் ஃபயர்மேன் செய்த வேலையைப் பொறுத்தது. கரியை மிகுதியாகக் கொட்டினால் தீ மூச்சுத்திணறிக் கரும்புகை எழும். குறைவாக இட்டால் இடையிடையே குளிர்ந்த காற்றுப் புகுந்து வெப்பம் குறையும். கொதிகலனுக்குள் தண்ணீரைச் செலுத்தினால் அழுத்தம் தாழும். செலுத்தாமலிருந்தால் நீர்மட்டம் தாழ்ந்து பேரிடர் விளையும். வெளியேறும் நீராவி புகைபோக்கி வழியே விரைந்து செல்லும்பொழுது, அடுப்பின் அடியிலிருந்து காற்றை இழுத்துச் செல்கின்றது. அதனால் எஞ்சின் கடுமையாக உழைக்குந்தோறும் அதன் தீயும் தானே வளர்கின்றது. பொறிக்குள் அமைந்த இவ்வியைபு வியக்கத்தக்கது அன்றோ!

தேர்ந்த ஃபயர்மேன் ஒருவர் நிலையத்தை நெருங்கும்பொழுதே மேலும் கரி இடுவதை நிறுத்திவிடுவார். கொதிகலனில் சிறிது நீருக்கு இடம் வைத்திருப்பார். வண்டி நின்றதும் அழுத்தம் ஏறத் தொடங்கும். அப்பொழுது நீரைச் செலுத்தி அவ்வெப்பத்தை நீருக்குள் சேர்த்து வைப்பார். இவ்வாறு செய்யத் தெரியாதவரின் எஞ்சினோ, நிலையத்தில் நின்றபடியே காப்பு வால்வு வழியாக நீராவியைச் சீறி வீணாக்கும். வீணான ஒவ்வொரு சீற்றத்திலும் கரியும் உழைப்பும் கரைந்து போயின. கணிப்பொறி இவையனைத்தையும் நொடிதோறும் கணக்கிடல் வேண்டும்: எரிந்த கரி எவ்வளவு, பிறந்த வெப்பம் எவ்வளவு, ஆவியான நீர் எவ்வளவு, உருளை குடித்த நீராவி எவ்வளவு என்று இடைவிடாது கூட்டியும் கழித்தும் வருதல் வேண்டும்.

எஞ்சின் மட்டும் மெய்யாக இருந்து, சுற்றுப்புறம் பொய்யாக இருப்பினும் குறையே. ஒய்.பி. ஓடிய காலத்துப் பூதலூரில் மீட்டர் பாதையே இருத்தல் வேண்டும், மின்கம்பிகள் இருத்தலாகாது. வண்ண விளக்குகளுக்கு மாறாகக் கைகாட்டி மரங்கள் நிற்றல் வேண்டும். வயல்களையும் பருவமறிந்து தீட்டல் வேண்டும். மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் நாள் திறப்பது மரபு. அதன்பின் குறுவைப் பயிரின் பசுமை எழும். தை மாதத்தில் சம்பா நெல் பொன்னிறமாய் முற்றியிருக்கும். அறுவடைக்குப் பின் தாளடிகளுக்கிடையே உளுந்தும் பயறும் தளிர்க்கும். சித்திரையில் நிலம் வெடித்துக் கிடக்கும். சித்திரை மாதத்து வண்டிக்கு இருபுறமும் நடவுப் பயிரைத் தீட்டியவர், காவிரி நாட்டை அறியாதவர் என்பது அந்நாட்டுச் சிறுவனுக்கும் விளங்கிவிடும்.

இவ்வளவும் அறிதற்கு நூல்களும் வரைபடங்களும் மட்டும் போதா. உருளையின் விட்டத்தை வரைபடம் கூறும். மழையில் சக்கரம் வழுக்கப்போவதை ஓட்டுநர் எந்த அதிர்வால் முன்னரே உணர்ந்தார் என்பதைக் கூறாது. அழுத்தத்தின் அளவை நூல் கூறும். தீயின் நிறத்தைப் பார்த்தே அதன் நிலையை ஃபயர்மேன் எவ்வாறு அறிந்தார் என்பதைக் கூறாது. இவ்வறிவு அவர்களுடைய கையிலும் கண்ணிலும் செவியிலும் தங்கியுள்ளது. 1980-ஆம் ஆண்டில் இருபத்தைந்து வயது இளைஞராய் எஞ்சினில் ஏறியவர் இன்று எழுபது வயதை எட்டியவர். நம் நாட்டின் பெரும்பாதைகளில் நீராவி வண்டிகளின் காலம் 1990-களில் முடிந்தது. எஞ்சினை அருங்காட்சியகத்தில் நிறுத்திக் காக்கலாம். அதனை ஓட்டிய கையின் பழக்கத்தை அவ்வாறு நிறுத்தி வைத்தல் இயலுமோ? கேட்டு எழுதிக்கொண்டாலன்றி அது மறைந்தே போகும்.

அறிவு அறுபடாமல் காக்கப்பட்டால் என்ன பயன் விளையும் என்பதற்குப் பொன்மலையே சான்று. நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய இரயில்வேயின் பணிமனை, 1920-களில் திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலைக்கு மாற்றப்பட்டது. நீலகிரி மலைப்பாதையின் எஞ்சின்கள் முதலில் சுவிட்சர்லாந்து நாட்டில் செய்யப்பட்டவை. அவை முதுமையுற்றபொழுது, பொன்மலைத் தொழிலாளர் அவற்றைப் பிரித்துப் பழுதுபார்த்துப் பெற்ற பழக்கத்தைத் துணையாகக்கொண்டு, எண்ணெயால் எரியும் புதிய நீராவி எஞ்சினையே 2011-ஆம் ஆண்டில் உருவாக்கினர். பழையதைப் பேணி வந்த கைகளே புதியதையும் படைத்தன.

எனவே இணைப்புத் தொகுதி செய்பவருக்கு இரண்டு கடமைகள் உண்டு. ஒன்று, தாம் அறியாததை அறிந்ததுபோல் அமைக்காதிருத்தல். நீராவி எஞ்சினை நேரிற் காணாத தலைமுறை பிறந்து வளர்ந்துவிட்டது. அத்தலைமுறையினர் திரையில் காண்பதையே உண்மை என்று கொள்வர். ஊகத்தால் இட்ட ஓர் எண், நாளடைவில் வரலாறாகவே நின்றுவிடும். மற்றொன்று, பிறர் உழைப்பைப் போற்றுதல். பிறர் அமைத்த உருவத்தையோ, பதிவு செய்த ஒலியையோ பயன்படுத்த நேரின், அவருடைய ஒப்புதலைப் பெற்று, அவர் பெயரையும் குறிப்பிடுதல் வேண்டும். ஊதியம் கருதாது உழைப்பவர்க்கு அப்பெயர் ஒன்றே கூலியாகும்.

தொகுதி முடிந்தபின் அதனைத் தேர்ந்து பார்ப்பதற்கு உரியவர், எஞ்சினில் வாழ்நாளைக் கழித்த முதியவரே. அவரைத் திரையின் முன் அமர்த்தி, வண்டியை நிலையத்திலிருந்து புறப்படச் செய்யுமாறு வேண்டல் வேண்டும். ‘இவ்வளவு எளிதாக அது கிளம்பாது, தம்பி’ என்று அவர் கூறுவாராயின், செய்தவர் வருந்துதல் தகாது. மீண்டும் கணக்கைப் பார்த்துத் திருத்துதலே தக்கது. அம்முதியவர் தம் கையைத் தாமறியாமலே நெம்புகோலை நோக்கி நீட்டுவாராயின், அதனினும் பெரிய பாராட்டு வேறில்லை.

கணிப்பொறி கற்கும் மாணவர்கள் இதிலிருந்து அறிந்துகொள்ள வேண்டுவது ஒன்று உண்டு. கருவி எத்துணைச் சிறந்ததாயினும், அதற்குள் இடப்படும் அறிவு மெய்யாக இருந்தால்தான் விளைவும் மெய்யாகும். அவ்வறிவு எங்கோ தொலைவில் இல்லை. இருப்புப்பாதை செல்லும் ஊர்களில், பழைய ஓட்டுநரோ, ஃபயர்மேனோ, பணிமனைத் தொழிலாளரோ ஒருவரேனும் இன்றும் வாழ்ந்து வருகின்றனர். ஓய்வு நாளில் ஓர் ஏட்டுடன் அவரிடம் சென்று, பணிவுடன் கேட்டு, அவர் கூறுவதைக் கூறியவாறே எழுதிவைப்பார்களாயின், அம்மாணவர்கள் நாட்டின் தொழில் வரலாற்றுக்கு நிலையான தொண்டு செய்தவர் ஆவர்.